எலுமிச்சம்பழம் குத்திய ஆன்டெனா

கந்தனுக்கு வாயில்லை என்று தெருவில் யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். வாய் இருந்தது. அதில் முப்பத்தாறு வயது வரை சேர்த்து வைத்த பேச்சும் இருந்தது. ஆள் பார்க்காத இடம்தான் கிடைக்கவில்லை. தறியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவன் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும். குறுக்கே ஓடுகிற ஊடை நூலுக்கு ஒரு பேச்சு, ஜரிகைக்கு ஒரு திட்டு, அறுந்த இழைக்கு ஒரு சமாதானம் என்று பொழுதெல்லாம் ஓடும். நாலு பேர் எதிரே வந்தால் போதும், அடுத்த நொடியே வாயில் கொழுக்கட்டை.

பிள்ளையார்பாளையத்தில் அவன் வீடு, ரயில் பெட்டியைப் போல முன்னிருந்து பின்னுக்கு நீண்டு போகிற வீடு. பின்பக்கம் தறிக்கூடம். சுவர் ஒரு முழம் கனம். அந்தக் கூடத்துக்குள் போன் போனால் அதற்கு உயிர் போய்விடும். கூப்பிடுகிறவர்களுக்கு, 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்தக் குரலை நம்பியே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயின. போனை அணைத்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற பையன் என்று நினைத்துவிட்டார்கள். அவனோ தறிக்குழிக்குள் காலை விட்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

தெருவில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, முனைப் பிள்ளையார் கோயில் படி. ஒருவர் பேசினால் மற்றவர்கள் தங்கள் முறைக்காக அங்கேயே நிற்பார்கள். நிற்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன? காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். மொட்டை மாடியிலும் ஒரு கோடு கிடைக்கும்தான். ஆனால் இந்தத் தெருவின் மாடிகள் எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்பவை. இந்த மாடியில் தும்மினால் நாலாவது மாடியிலிருந்து 'நூறாயுசு' என்று பதில் வரும்.

இப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு கந்தன் சங்கீதாவின் மேல் ஆசைப்பட்டான்.

சங்கீதா தென்னேரிப் பெண், தூரத்து உறவு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கேமரா வைத்த போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவளிடம் இருப்பது பொத்தான் போன்தான். வாட்ஸப்பும் கிடையாது, வீடியோவும் கிடையாது, பேசினால் பேச்சு மட்டும். பெண் பார்க்கப் போன அன்று அவள் காபித் தட்டை வைத்துவிட்டு, கந்தனின் அம்மா காமாட்சியம்மாளை நேராகப் பார்த்து, "நான் வேலைய விடமாட்டேங்க, இப்பவே சொல்லிடறேன்" என்றாள். காமாட்சியம்மாளுக்கு வாயில் போட்ட பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. கந்தனுக்கோ நெஞ்சே நின்றுவிட்டது. இப்படி ஒருத்தி நம் வீட்டில் நாலு வார்த்தை பேசிக்கொண்டு நடமாடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கே உருகிப் போனான். ஆனால் அதை அவளிடம் சொன்னால்தானே?

செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயில் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தான். சங்கீதா நேரடியாகவே கேட்டுவிட்டாள். "என்னப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

கந்தன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து வீட்டுத் துளசி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வாயையே பார்த்து நின்றாள். எதிர்வீட்டு நமச்சிவாயம் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாக ஒரே பக்கம்.

"சாப்டீங்களா?" என்றான் கந்தன்.

"இதத்தான் அப்பவே கேட்டீங்க. சாப்ட்டேன்னு சொன்னேன்."

"ம்ம். சரிங்க."

சங்கீதா நிதானமாகச் சொன்னாள். "இங்க பாருங்க. ஞாயித்துக்கெழம எங்கப்பா முடிவு கேப்பாரு. அன்னிக்குக் காலைல அவரு ஏரிக்கரைப் பக்கம் போனதும் நானே உங்களக் கூப்புடறேன். மனசுல இருக்கறத ஒரு வாட்டியாவது வாயத் தொறந்து சொல்லுங்க. பேசாத ஆளோட காலம் பூரா என்னால இருக்க முடியாது. அன்னிக்கும் சாப்டீங்களான்னு கேட்டா, வேணாம்னு சொல்லிடுவேன்."

போன் வைக்கப்பட்டது.

"பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லாம சோத்தப் பத்தியே கேக்கறியேபா," என்றாள் துளசி, ரொம்ப அக்கறையாக. நமச்சிவாயம் பேப்பரைத் திருப்பாமலே, "இவன் தேறமாட்டான்," என்றார்.

அன்றைக்குத்தான் கந்தன் முடிவு கட்டினான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் தறிக்கூடத்துக்குள் வர வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, தறியில் உட்கார்ந்தபடி, தறியிடம் பேசுவது போல அவளிடம் பேசிவிட வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே பாதி தூரம் வந்திருந்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று அவன் போன் கம்பெனிக்குப் போட்ட மனு எங்கெங்கோ சுற்றி, அனுமதி கிடைத்து, சிக்னலைப் பெருக்கித் தரும் ரிப்பீட்டர் பெட்டி ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். அனுமதி இல்லாமல் கண்ட கடையில் வாங்கி மாட்டினால் ஊர் டவரே குழம்பிப் போகுமாம், அபராதமும் உண்டாம். அதனால் கம்பெனியே ஆளை அனுப்பி மாட்டித் தரும். எந்த ரகம் வேண்டும் என்று கேட்டபோது காமாட்சியம்மாள் குறுக்கே புகுந்து, தன்னுடைய சிம் வேறு கம்பெனி, அதற்கும் எடுத்தால்தான் வீட்டில் மாட்டலாம், இல்லையென்றால் அந்தப் பெட்டி தெருவில்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டாள். எல்லா அலைவரிசையும் எடுக்கிற மல்ட்டி-பேண்ட் ரகமே எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவின் அந்தப் பிடிவாதம் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது கந்தனுக்குத் தெரியாது, பாவம்.

வெள்ளிக்கிழமை பிரேம்நாத் வந்து இறங்கினான். கம்பெனியின் ஒப்பந்த ஆள். இளைஞன், சிரித்த முகம், வாய் ஓயாது. மாடியில் ஆன்டெனா, கீழே பெட்டி, நடுவில் கேபிள், கூடத்தில் தட்டையாக ஒரு குட்டி ஆன்டெனா, இவ்வளவுதான் விஷயம் என்றான். "மாடில இருக்கறது டவர் பேசறதக் கேக்கும். பெட்டி அதப் பெருசு பண்ணும். கீழ இருக்கறது உங்க போனுக்கு எடுத்துச் சொல்லும். அவ்ளோதான்ணா."

எடுத்துச் சொல்வதற்கு ஓர் ஆள் என்றதும் கந்தனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தறிக்கூடத்துக்கு நேர் மேலே கம்பத்தை நட்டு ஆன்டெனாவை மாட்டினார்கள். கேபிளை இறக்கி, கூடத்தில் குட்டி ஆன்டெனாவைத் தொங்கவிட்டு, பெட்டிக்கு கரண்ட் கொடுத்தான் பிரேம்நாத். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டான். மறுபடியும் சிவப்பு.

"ரெண்டும் கிட்டகிட்ட இருக்குதுண்ணா. கீழ இது பேசறது மேல அதுக்குக் கேட்டுடுது. அது மறுபடி பெட்டிக்கு அனுப்புது. திருவிழால மைக்க ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா 'கீ'ன்னு கத்தும் பாருங்க, அதே கததான். பெட்டி தன்னக் காப்பாத்திக்க வாய மூடிக்கிச்சு."

வாயை மூடிக்கொள்கிற பெட்டியைக் கந்தன் பரிவோடு பார்த்தான். "இப்போ இன்னா செய்யலாம்?"

"மேல இருக்கறதத் தூரமா தள்ளணும். உங்க வூடுதான் நீளமா இருக்குதே. தெருப்பக்கக் கைப்பிடிச் சுவத்துல நட்டுடலாம்."

நட்டார்கள். நீளத் தண்டும், அதில் குறுக்கே வரிசையாகக் குச்சிகளும், முன்னால் கூர் நுனியுமாக ஆன்டெனா தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. டவர் இருக்கும் திசையைக் கருவியில் பார்த்துப் பார்த்துத் திருப்பி, பிரேம்நாத் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர் மாடியிலிருந்து இடி விழுந்தது.

"அடேய் கந்தா! இன்னாடா அது?"

நமச்சிவாயம். சாஸ்திரம், வாஸ்து, திருஷ்டி எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவில் அவர்தான் அதிகாரம். வாசல் சரியில்லை என்று சொந்த வீட்டில் ஒரு கதவை அடைத்து, இன்னொன்றை உடைத்து, கடைசியில் எந்த வழியாக வீட்டுக்குள் போவது என்று மனைவியே தடுமாறும்படி செய்து வைத்திருந்தவர்.

"ஆன்டெனா, மாமா."

"ஆன்டெனாவா? சூலம்டா அது! முள்ளு முள்ளா வச்ச சூலம்! நேரா எங்க பூஜ ரூம்பக் குத்துது பாரு!"

"டவரு உங்க வூட்டுக்குப் பின்னாடி இருக்குது மாமா."

"அப்படின்னா டவர வேற பக்கம் தூக்கி வக்கச் சொல்லு!"

பிரேம்நாத் பணிவாகக் குறுக்கிட்டான். "சார், இது குத்தற பொருள் இல்ல சார். அந்தப் பக்கத்துலருந்து வாங்கற பொருள்."

நமச்சிவாயத்தின் கண்கள் அகலமாயின. "வாங்குதா? எங்க வூட்டுப் பக்கத்துலருந்தா? கேட்டுக்கினியாடி," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "எங்க வூட்டு லட்சுமிய உறிஞ்சறதுக்குக் கொழா வச்சிருக்கான்!"

போதாத காலம், அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு மிக்சி புகைந்து நின்றது. அரைத்த சட்னியோடு மிக்சி ஜாரைக் கையில் தூக்கிக்கொண்டு நமச்சிவாயம் தெருவுக்கே வந்துவிட்டார். தெருவும் கூடிவிட்டது. துளசி ஜாருக்குள் எட்டிப் பார்த்து, தேங்காய் அதிகம் போட்டதால் இருக்கும் என்றாள். ஆன்டெனாவைத் திருப்பினால்தான் ஆச்சு, இல்லையென்றால் தானே ஏறிப் பிடுங்கிப் போட்டுவிடுவதாக நமச்சிவாயம் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனுஷன் வேறு.

வேறு வழியில்லாமல் ஆன்டெனாவைக் காமாட்சியம்மன் கோயில் பக்கம் திருப்பினார்கள். போனில் ஒரு கோடும் இல்லை.

"அந்தப் பக்கம் டவர் இல்லம்மா," என்றான் பிரேம்நாத்.

"அம்மன் இருக்காளே," என்றாள் காமாட்சியம்மாள்.

"இருக்காங்க. ஆனா இந்த பேண்டுல வரமாட்டாங்கம்மா."

கந்தன் மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை கண் முன்னே வந்து நின்றது. பிள்ளையார் கோயில் படி, துளசி, நமச்சிவாயம், சாப்டீங்களா. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. அதை அம்மா பார்த்துவிட்டாள். மகன் எதற்காக இந்தப் பெட்டிக்கு இப்படி உயிரை விடுகிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வேலையை விடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன பெண்ணின் மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. ஆனால் மகன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தபோது அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.

"அண்ணே, நீங்க சொல்றது வாஸ்தவம். சூலந்தான் அது. நான் ஒத்துக்கறேன்."

நமச்சிவாயம் இதை எதிர்பார்க்கவில்லை. வாதாட ஆளில்லாமல் விழித்தார்.

"அம்மன் கோயில்ல சூலம் இருக்குது. அது எதிர் வூட்டக் குத்துதா? ஏன் குத்தல? நுனியில எலுமிச்சம்பழம் குத்தி வச்சிருக்காங்க. பழம் ஏறுன சூலம் சாந்தமாயிடும். நீங்களே எத்தினி வாட்டி எனக்குச் சொல்லியிருக்கீங்க."

அப்படி அவர் சொன்னதே இல்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்தான் என்று அவருக்கே பட்டது. மிக்சி ஜாரைத் துளசியிடம் கொடுத்துவிட்டு யோசித்தார். "சொல்லியிருக்கேன்," என்று மெல்ல ஒப்புக்கொண்டார். "பழம் வாடுனா மாத்தணும். மஞ்ச குங்குமம் வக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொட்டியில எங்க பையன் கலைவாணன் மஸ்கட்லருந்து கூப்டா எடுக்குமா? என் சிம்மு வேற கம்பெனி," என்றார்.

"எந்த சிம்மா இருந்தாலும் எடுக்கும் சார்! மல்ட்டி-பேண்ட்!" என்று பிரேம்நாத் மாடியிலிருந்து பெருமையாகக் கத்தினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தெருவே அண்ணாந்து பார்த்தது.

ஆன்டெனா பழைய திசைக்கே திரும்பியது. கந்தன் நல்ல மஞ்சள் பழமாக ஒன்றைப் பொறுக்கி நுனியில் குத்தினான். காமாட்சியம்மாள் கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். "கம்பெனி புஸ்தகத்துல எலுமிச்சம்பழத்தப் பத்தி ஒண்ணுமே போடலையேண்ணா," என்று பிரேம்நாத் புலம்பிக்கொண்டே கருவியைப் பார்த்தான். சிக்னல் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் போதும். மாட்டி முடித்ததற்கு அத்தாட்சியாக ஆபீசுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். பழம் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எடுத்தான்.

கீழே பெட்டியில் பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. கந்தன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து போனைப் பார்த்தான். கோடுகள் முழுசாக நின்றன. அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சோதனைக்காகச் சமையலறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டான். "இன்னாடா?" என்று அவள் போட்ட சத்தம் போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க அவன் தறியில் ஒத்திகை பார்த்தான். 'சங்கீதா, எனக்கு ஒங்களப் புடிச்சிருக்குது' என்று ஊடைக்கு ஒரு தடவை சொன்னான். 'ரொம்பப் புடிச்சிருக்குது' என்று ஜரிகைக்கு ஒரு தடவை சொன்னான். நடுவில் நமச்சிவாயம் போனோடு வந்து, மகனோடு வீடியோவில் பேசிவிட்டுப் போனார். மகன் முகம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, அவன் இளைத்திருப்பதுகூடத் தெரிகிறது என்று கண்கலங்கிச் சொன்னார். ஒரு தடவை பேசிவிட்டுப் போகட்டும், பாவம் என்று கந்தனும் நினைத்தான். அவர் போகிற வழியில் யார் யாரிடம் சொல்லிக்கொண்டு போனார் என்பதை அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கந்தன் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். பேச்சு மட்டும் போகிற போனுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று நீங்களும் கேட்காதீர்கள். தறிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து போனைப் பார்த்தான். ஒரு கோடும் இல்லை.

பெட்டியைப் பார்த்தான். விளக்கு எரிகிறது, சிக்னல் இல்லை. பிரேம்நாத்தைக் கூப்பிடலாம் என்றால் கூப்பிடச் சிக்னல் இல்லை. மாடி ஞாபகம்கூட வராமல், தலைதெறிக்கப் பிள்ளையார் கோயில் படிக்கு ஓடினான். பிரேம்நாத் தூக்கக் கலக்கத்தில், "மேல ஆன்டெனா திரும்பிக்கிச்சா பாருங்கண்ணா. எதுனா மறைக்குதா?" என்றான். திரும்ப ஓடி வந்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஏறினான்.

ஆன்டெனாவைக் காணோம். அது நின்ற இடத்தில் அரக்கு நிறத்தில் சாயம் போட்ட பட்டு நூல், கொத்துக் கொத்தாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. குச்சிக்கு ஒரு கொத்து, அழகாக, இடைவெளி பிசகாமல். முன்னால் எலுமிச்சம்பழம் மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா!"

"இன்னாடா கத்தற? சாயக்காரரு வூட்டுலருந்து வந்த நூலு வழியில நனைஞ்சிடுச்சு. காயப் போட்டேன்." காமாட்சியம்மாள் ஒரு கொத்தைத் தட்டிச் சரிசெய்தாள். "கைக்கெட்டற ஒயரம், வரிசையா கம்பி, சொவரு நெழலும் விழுது. நீ நமக்கு வசதியா இருக்கட்டும்னுதான் இப்படி வாங்கனன்னு இல்ல நெனைச்சிக்கினு இருந்தேன்."

"சிக்னலு போச்சும்மா! அவ கூப்டுவாம்மா இப்போ!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ, எடு, எடு!"

பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் நெசவாளி கைக்கு அது வருமா? ஈரப் பட்டை இழுத்தால் சிக்கல் விழும், சிக்கல் விழுந்தால் நூலே பாழ். வாய் 'முருகா முருகா' என்று ஓட, கைகள் மட்டும் ஒவ்வொரு கொத்தையும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போலத் தூக்கித் தூக்கி அம்மாவின் தோளில் போட்டன. அவள் இரண்டு தோளும் இரண்டு கையும் அரக்கு நிறமாக நின்றாள். கடைசிக் கொத்து வந்ததும் கந்தன் கீழே பாய்ந்தான்.

தறிக்கூடத்துக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கூடம் நிறைய ஆள். நமச்சிவாயம் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து, மஸ்கட்டோடு பேசிக்கொண்டிருந்தார். துளசி தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தங்கைக்குப் புளிக்காய்ச்சல் செய்முறையை வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு மாமனார், அடுத்த தெரு ஆட்கள், யாரோ ஒரு பால்காரர், எல்லோர் காதிலும் போன். தெருக்கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தார்கள், சிக்னல் வரட்டும் என்று காத்திருந்தார்கள், வந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாரும் கொஞ்சம்..." என்று கந்தன் ஆரம்பித்தான். குரல் எழும்பவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது.

சங்கீதா.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்தான். "ஹலோ," என்றான்.

"இன்னாங்க அங்க ஒரே சத்தம்? சொல்லுங்க. எங்கப்பா இப்பதான் போனாரு."

கந்தன் பழக்க தோஷத்தில் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஆமாம், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கோயில் படியில் ஒருவர் பேச நாலு பேர் கேட்பார்கள். இங்கே எல்லோருக்கும் சிக்னல் இருந்தது, எல்லோரும் அவரவர் போனுக்குள் போய்விட்டார்கள். நமச்சிவாயம் மகனைச் சாப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். துளசி பெருங்காயத்துக்கு வந்திருந்தாள். தறிக்கூடத்தில் தனியாக இருப்பதைவிட இது தனிமை! கந்தனுக்கு வியப்பு தாங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சங்கீதா! நீங்க அன்னிக்குக் காபித் தட்ட வச்சிட்டு வேலைய விடமாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே நான் உழுந்துட்டேன்!" இரைச்சலை மீற வேண்டியிருந்ததால் கத்தித்தான் சொன்னான். கத்தக் கத்த வார்த்தை வந்தது. "எனக்கு நாலு பேரு எதுர பேச வராதுங்க! அதுக்காக மனசுல ஒண்ணும் இல்லன்னு நெனைச்சிக்காதீங்க! தறியில ஒக்காந்தா நாள் பூரா உங்ககிட்டதான் பேசிக்கினு இருக்கேன்! எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது! நீங்க வந்தாதான் இது வூடு!"

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. பெட்டி அணைந்தது. போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. 'ஹலோ, ஹலோ' என்று நாலைந்து குரல் எழுந்து அடங்கியது. கூடம் நிசப்தமாகிவிட்டது. கண்ணை மூடியிருந்த கந்தனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவன் அதே குரலில் தொடர்ந்தான்.

"நீங்க வேலைக்குப் போங்க! நான் சோறாக்கி, டிபன் கட்டித் தரேன்! எங்கம்மா எதுனா சொன்னா நான் பாத்துக்கறேன்!"

கண்ணைத் திறந்தான். கூடம் முழுக்க அவனையே பார்த்தது. நிலைவாசலில், இரண்டு தோளிலும் ஈரப் பட்டோடு காமாட்சியம்மாள் நின்றாள்.

"சோறாக்கத் தெரியுமாடா ஒனக்கு?" என்றார் நமச்சிவாயம்.

கந்தன் போனைப் பார்த்தான். கோடு இல்லை. எதுவரை அவள் காதில் விழுந்தது? ஒன்றும் விழவில்லையென்றால்? கத்தியதில் பாதிகூடப் போய்ச் சேராமல், இந்நேரம் அவள் அப்பா திரும்பி வந்திருந்தால்? அவமானத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. தறிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

துளசி தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கரண்ட் வந்தது. பெட்டியில் சிவப்பு மினுக்கியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் யோசித்து யோசித்துப் பச்சையானது. அத்தனை போனும் 'டிங் டிங்' என்றன. ஒருவர்கூட எடுக்கவில்லை. கந்தனின் போன் அடித்தது.

"கரண்ட் போச்சாங்க? என்னமோ சொல்லிக்கினு இருந்தீங்க, கட்டாயிடுச்சு," என்றாள் சங்கீதா. "இன்னா சொன்னீங்க?"

மறுபடியும் சொல்ல வேண்டும். இந்தத் தடவை இரைச்சல் இல்லை, மறைவு இல்லை. கந்தன் நிமிர்ந்து பார்த்தான். யாராவது எழுந்து போவார்களா என்று பார்த்தான். போவது போல நடிக்கக்கூட யாருக்கும் மனமில்லை. பால்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாக்கு நுனிக்கு 'சாப்டீங்களா' வந்தது. முழுங்கினான்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது, சங்கீதா," என்றான். இப்போது கத்தவில்லை. "நீங்க வந்தாதான் இது வூடு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அது மொதல் வாட்டியே கேட்டுதுங்க," என்றாள் சங்கீதா. "கத்தாம ஒரு வாட்டி சொல்வீங்களான்னுதான் பாத்தேன். அப்பா வரட்டும், சரின்னு சொல்லிடறேன். வேற எதுனா பேசணுமா?"

"இன்னாபா சொல்லுது பொண்ணு?" என்று துளசி கிசுகிசுத்தாள். "இன்னா சொல்லுதுடா?" என்றார் நமச்சிவாயம். காமாட்சியம்மாள் பட்டு நூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்திருந்தாள்.

கந்தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து நின்றான்.

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க," என்றான், நமச்சிவாயத்தின் முகத்தை நேராகப் பார்த்து. "நான் இன்னும் நெறைய பேசணும்."